எட்டாம் பக்கத்தில் ஒரு பெயர்

நாவற்குடாவில் பீற்றிஸின் வீட்டுக்கு ஆட்கள் வருவது யாராவது இறந்த பிறகுதான். முப்பத்தோராம் நாளன்று கொடுக்கும் நினைவு மலரைக் கணினியில் தட்டச்சு செய்து, பக்கங்களை அமைத்து, அச்சகத்துக்கு அனுப்புவது அவருடைய வேலை. வந்தவர்களிடம் மலருக்குத் தேவையில்லாத கேள்விகளையும் கேட்பார். இறந்தவருக்கு எந்தக் கறி பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று. கொஞ்ச நேரம் கதைக்க ஆள் கிடைக்கும்.

முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஓய்வு பெற்ற வருடமே அம்மாவும் போய்விட்டார். கனடாவிலிருந்து தங்கை மடிக்கணினி அனுப்பினாள். பழக்கிவிட யாரும் இல்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகினால் முடிந்தது. கணினியில் புதுப் பக்கம் வேண்டுமென்றால், அது வரும்வரை என்டர் விசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். நாலு வருடம் அப்படியே ஓடியது.

மாசி மாதம் கொக்கட்டிச்சோலையிலிருந்து அருமைநாயகம் வந்தார். வேளாண்மைக்காரர். மனைவி கண்ணகை இறந்திருந்தார்; பிள்ளைகள் இல்லை. அவர் எழுதிக் கொண்டுவந்தது ஒரு கொப்பித் தாள்தான். அச்சகத்துக்கு எட்டுப் பக்கம் வேண்டும். பீற்றிஸ் கேட்கக் கேட்க அவர் சொன்னார்.

“வயல் வட்டைக்குச் சோறு கொண்டு வந்தா நான் திண்டு முடியுமட்டும் ஒண்டும் பேசமாட்டா. ஏச்செல்லாம் வீட்ட வந்துதான்.”

இருவரும் சிரித்தார்கள். அவர் மனைவிக்குச் சொல்ல விரும்பியது ஏழாம் பக்கம் முழுவதையும் நிறைத்தது. கடைசி வரியில் அருமைநாயகம் என்ற அவருடைய பெயர். எட்டாம் பக்கத்தை வெறுமையாக விட்டார்கள்.

அச்சுக்கு அனுப்பும் நாளில் அருமைநாயகம் தொலைபேசியில் அழைத்தார். உறவினர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது. பீற்றிஸ் அதைச் சேர்த்து, மறுபடி பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

மலர்கள் அச்சாகி வந்ததும் ஒன்றைப் பிரித்தார். எட்டாம் பக்கத்தின் உச்சியில் ‘அருமைநாயகம்’ என்ற பெயர் மட்டும் நின்றது. கீழே முழுவதும் வெள்ளை.

அச்சகத்து றம்ஸீனை அழைத்தார்.

“நீங்க அனுப்பினபடிதான் அடிச்ச, மிஸ்,” என்றார் அவர். “என்டரால தள்ளினா, மேல ஒரு வரி கூடினா கீழ எல்லாம் இறங்கும். கன்ட்ரோலையும் என்டரையும் சேத்து ஒருக்கா அமத்துங்க. புதுப் பக்கம் தானா வரும்.”

மலர்களை எடுக்க வந்த அருமைநாயகத்திடம் பீற்றிஸ் மறைக்கவில்லை.

“என்ட பிழை அண்ணன். திருப்பி அடிச்சுத் தாறன்.”

அவர் அந்தப் பக்கத்தில் தனியே நின்ற தன் பெயரை விரலால் தொட்டார்.

“வேணா தங்கச்சி. இப்ப நான் அப்படித்தானே இருக்கன்.”

பீற்றிஸ் தேத்தண்ணி ஊற்றப் போனார். அதைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மலர்ப் பொதியைத் தூக்கிக்கொண்டு அருமைநாயகம் நடந்தார். பிறகு வரவில்லை.

அடுத்த நாள் பீற்றிஸ் கணினியில் பழைய மலர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். வெற்று வரிகளை அழித்து, றம்ஸீன் சொன்னபடி பக்கங்களைப் பிரித்து வைத்தார். அவற்றை இனி யாரும் அச்சடிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். நாற்பத்து மூன்று மலர்கள். இரண்டு வாரம் எடுத்தது.

கடைசி மலரும் முடிந்த பின்னேரம், தங்கையை அழைத்தார். கனடாவில் விடிந்திருந்தது.

“என்னக்கா? ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. சும்மா கதைப்பம் எண்டு எடுத்தன்.”

“வேலைக்கு வெளிக்கிட்டு நிக்கன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை எடுக்கட்டா?”

“ஓம், ஓம். நீ போ,” என்றார் பீற்றிஸ்.