சுகர் என்று கத்தினேன்

மாடி வராந்தாவிலிருந்து நான் "சுகர்! சுகர்!" என்று கத்தினேன். கீழே மைதானத்தில் என் மகள் பவித்ரா கால் தள்ளாடி உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சுற்றி நின்றவர்களில் பி.டி. சார் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் டீச்சர், சுகருதான்! பதறாதீக, நாங்க பாத்துக்கிறோம்!"

நான் கேட்டது சீனியை. அவர் காதில் விழுந்தது நோயின் பெயர்.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பவித்ராவும் அங்கேதான் படித்தாள். ஆறாம் வகுப்பில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. சின்னப் பிள்ளைக்கு இந்த நோய் வரும் என்பதையே அப்போது பலர் நம்பவில்லை. ஸ்டாஃப் ரூம் மூலையில் ஈரமணல் நிரப்பிய மண்கலயத்தில் இன்சுலின் பாட்டில் இருக்கும். மதிய மணி அடித்ததும் அவள் ஓடி வருவாள், நான் ஊசி போடுவேன், பிறகு சாப்பிடுவாள்.

எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன். இனிப்புக் கொடுக்கக் கூடாது. ஆனால் சுகர் இறங்கிப்போனால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி யார் மனதிலும் தங்கவில்லை. நம் பக்கத்தில் சுகர் என்றால் ஏறும். இறங்கி ஆளைச் சாய்க்கும் என்று எவரும் கேள்விப்பட்டதில்லை.

அன்று சாயங்காலம் கோ-கோ பயிற்சி. பி.டி. சார் பிள்ளைகள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறார். பவித்ராவிடம் வந்ததும், "உனக்கு வேணாம்த்தா, அம்மா வையும்" என்று அன்பாகத் தலையைத் தடவிவிட்டு நகர்ந்துவிட்டார். வெறும் வயிற்றோடு அவள் மைதானம் முழுக்க ஓடியிருக்கிறாள்.

படியில் இறங்கி ஓடும்போது எனக்குக் குரல்கள்தான் கேட்டன. கூட்டத்தில் அவள் முகம் தெரியவில்லை.

"ஏலே, போலே அங்குட்டு!" அது பவித்ராவின் குரல். உரக்கப் பேசவே கூச்சப்படுகிற பிள்ளை, சுகர் இறங்கினால் இப்படி மாறிவிடுவாள்.

"பாருங்க, என்னையவே ஏலேங்குறா!" பி.டி. சாருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"சுகரு தலைக்கேறிருச்சு சார், அதான் உளறுது" என்றார் ஆயா பேச்சியம்மா. "இந்தா ஆத்தா, வேப்பங்கொழுந்து. நல்லா மெல்லு. கசப்பு உள்ள போனா இறங்கிரும். எங்க வீட்டு ஆளுக்கு இதான் வைத்தியம்."

ஏற்கெனவே அதலபாதாளத்தில் கிடக்கிற சுகரை இன்னும் இறக்கப் பார்க்கிறார்கள். நினைவு தப்பிவிட்டால் வாய்வழியாக எதையும் கொடுக்க முடியாது.

அப்போதுதான் தமிழ் ஆசிரியை ரஹ்மத் டீச்சரின் குரல் கேட்டது. அது நோன்பு மாதம். ஸ்பெஷல் கிளாஸ் முடிய நேரமாகும் என்று, நோன்பு திறக்க நன்னாரி சர்பத்தைப் பாட்டிலில் கொண்டு வந்திருந்தார்.

"அந்த எலையத் துப்பச் சொல்லுங்க மொதல்ல. கையத் தொட்டுப் பாருங்க, எப்படிச் சில்லுன்னு வேர்த்துருக்கு. சாயங்காலமானா நோம்புல எனக்கு வர்ற நடுக்கம் இது. பாப்பா, என்னையப் பாரு. முழுங்குவியா? மெல்ல, மெல்லக் குடி."

"டீச்சர், சர்பத்தா! சுகர் புள்ளைக்கா? அவுக அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று பி.டி. சார் தடுத்தார்.

"அவுக அம்மா மாடியில நின்னு எதுக்குக் கத்துனாக? சீனி கேக்குறாகய்யா!"

நான் கூட்டத்தை விலக்கிப் போய்ச் சேர்ந்தபோது பாட்டில் பவித்ராவின் வாயில் இருந்தது. மடியில் கிடத்திக்கொண்டேன். முதலில் நடுக்கம் நின்றது. பிறகு கண் தெளிந்தது. "அம்மா, வாயெல்லாம் ஏன் கசக்குது?" என்று கேட்டாள். அழத் தொடங்கியது பேச்சியம்மாதான்.

அன்று ரஹ்மத் டீச்சர் பள்ளிக் குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்தார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "தண்ணி இருக்குல்ல டீச்சர், அது போதும். புள்ளைக்குச் சோறு குடுங்க மொதல்ல" என்று என்னை அனுப்பிவிட்டார்.

மறுநாள் முதல் பி.டி. சாரின் விசில் கிடக்கும் பையில் கல்கண்டும் கிடந்தது. "இனிமே எவ என்னைய ஏலேன்னாலும், வாயில கல்கண்டப் போட்டுட்டுத்தான் வைவேன்" என்பார். பேச்சியம்மா ஒரு டப்பாவில் சீனி வைத்துக்கொண்டார். சுகர் ஏறுவது, இறங்குவது என்று நான் மறுபடி விளக்கவில்லை. "இவளுக்கு நோம்பு மயக்கம் வரும். வேர்த்து நடுங்கினால் இனிப்புக் கொடுங்கள்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் குழம்பவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளையின் நோய்க்கு என்ன பெயர் என்று தெரிந்துகொண்டால் போதாது. அது வரும்போது முகம் எப்படி இருக்கும், கை எப்படி இருக்கும், முதலில் என்ன கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்களிடம் கேட்டு வையுங்கள். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நாக்கில் வேம்பு கசக்கிறது.

பவித்ரா இப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன வாரம் சாயங்காலம் போன் செய்தாள்.

"அம்மா, பயப்படாத. நோம்பு மயக்கம் வந்துச்சு. ரூம்ல இருக்கிற புள்ள சர்பத் கலக்கிக் குடுத்துட்டா."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"வந்த அன்னைக்கே ரஹ்மத் டீச்சர் கதையச் சொல்லிட்டேன்ல."