முகாமுக்குச் சவரம் செய்யப் போன பக்த் ரவான்

பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், ஆற்றை ஒட்டிய கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தவர் பக்த் ரவான். தாடியால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தாலிபான்கள் ஊரை ஆண்ட காலத்தில், தாடியில் கத்தி வைத்தால் கடை இருக்காது என்றார்கள். அவரும் கத்தியைப் பரணில் போட்டுவிட்டு முடி மட்டும் வெட்டினார். அப்படியும் ஒரு விடியற்காலையில் குண்டு வைத்துக் கடையின் முகப்பைப் பெயர்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ராணுவம் வந்தது. சண்டைக்குப் பயந்து ஊரே கீழே மர்தான் நகருக்கு ஓடி, கூடாரத்தில் கிடந்து திரும்பியபோது, நீளத் தாடிக்காரனைச் சோதனைச் சாவடியில் தனியாக இறக்கி விசாரித்தார்கள். அதே தாடியை எடுக்க அதே ஆட்கள் அவர் கடைக்கு வந்து வரிசையில் நின்றார்கள்.

"அன்னைக்கு வளருன்னாங்க, இன்னைக்கு எடுன்னாங்க. நம்ம மூஞ்சி எப்பதான் நமக்குன்னு ஆகுமோ!" என்பார் பக்த் ரவான். கடையே சிரிக்கும்.

ராணுவ சுபேதார் ஒருவர் உள்ளே வந்த அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வண்டி வரும். சாமானை எடுத்துட்டு ஏறு."

"எங்க சாஹிப்?"

"ஏறுனா தெரியும்."

ஏறியும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டார்கள். அவிழ்த்தபோது அவர் ஒரு நீண்ட கூடத்தில் நின்றிருந்தார். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். முன்பு ஆப்பிள் கிடங்காக இருந்திருக்க வேண்டும். அழுகல் வாடை இன்னும் போகவில்லை. பிடித்து வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து தரையில் உட்கார வைத்தார்கள். அவர்களுடைய கண்கட்டு மட்டும் அவிழ்வதே இல்லை. தலையையும் தாடியையும் மழித்துவிட வேண்டும். பேசக் கூடாது, பேர் கேட்கக் கூடாது, வெளியே மூச்சு விடக் கூடாது.

கத்தி பட்டதும் சிலருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பயப்படாதே, சவரம்தான் என்று சொல்லவும் அனுமதியில்லை. அதனால் கத்தியை எடுக்கும் முன் சோப்பு நுரையை ஒவ்வொருவர் கன்னத்திலும் தாராளமாகப் பூசி, கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருப்பார். நுரை பட்டதும் அவர்கள் தோள் இறங்கும்.

வெள்ளிதோறும் வண்டி வர, சில வாரங்கள் போயின. ஒருநாள் அப்படித் தேய்க்கும்போது, இடது காதுக்குப் பின்னால் நீளத் தழும்பு ஒன்று விரலில் தட்டியது. அவர் கை நின்றுவிட்டது. அவர் ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் இக்ராமுத்தீன்! சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்தவனுக்குத் தையல் போட முடி மழித்துவிட்டதே அவர்தான். குண்டாக இருந்த பையன் இப்போது எலும்பும் தோலுமாக இருந்தான்.

தழும்பில் நின்ற விரலை வைத்தே அவனுக்கும் ஆள் தெரிந்துவிட்டது. "மாமா, நீயா?" என்றான் அவன், உதடு அசையாமல். "வீட்ல சொல்லு."

"என்ன சத்தம்?" என்று காவல்காரன் அதட்டினான்.

"சோப்பு வாயில போயிடுச்சு சாஹிப்" என்றார் பக்த் ரவான். அந்தக் கூடத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆனால் அவன் வீட்டில் அவர் சொல்லவில்லை. இக்ராமுத்தீனை ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து அவன் மனைவி பல்வஷா ஒரு முகாம் விடாமல் போய்க் கேட்டுவிட்டாள். எல்லா வாசலிலும் ஒரே பதில்: "இங்க அப்படி யாரும் இல்ல." அவள் பஸ் ஏறுவதும் இறங்குவதும் சலூன் வாசலில்தான். பக்த் ரவான் தலையைக் குனிந்துகொள்வார். சோறு இறங்காமல் போனபின், தன் மனைவி ரஹ்மத் பீபியிடம் மட்டும் சொன்னார்.

"அவ தினம் உன் வாசல்லதான் வந்து இறங்குறா. நீ கத்தியத் தீட்டிக்கிட்டே உக்காந்திரு" என்றாள் அவள்.

"சொன்னா நாளைக்கு நீயும் அவள மாதிரி அலையணும்டி."

"அலையறேன். ரெண்டு பேராப் போனா பேச்சுத்துணையாச்சும் இருக்கும்."

மறுநாள் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் பல்வஷாவும் ஹிதாயத் என்ற வக்கீலும் வீட்டுக்கு வந்தார்கள். பல்வஷா உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "உயிரோட இருக்காரா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டியதும் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

வக்கீல் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "தீவிரவாதின்னு சந்தேகப்பட்டா பிடிச்சு வைக்க ராணுவத்துக்குச் சட்டம் இடம் குடுக்குது மாமா. ஆனா அதே சட்டம், பேரைப் பதியணும், குழு ஒண்ணு வழக்கைப் பாக்கணும், வீட்டாளுங்களச் சந்திக்க விடணும்னும் சொல்லுது. ஆளே இல்லன்னுட்டா இதுல எதைப் போய்க் கேக்கறது? ஆட்கொணர்வு மனு போட்டிருக்கேன். அவனை உள்ள பார்த்தேன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணணும்."

"அந்த ஒருத்தரை யாரு காப்பாத்துவா?"

வக்கீல் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "பொய் சொல்ல விரும்பல மாமா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியில் கண்ணைக் கட்டும்போது சுபேதார் மெதுவாகக் கேட்டார்: "வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்களாமே?"

"சொந்தக்காரங்க சாஹிப்."

"சொந்தம் பெருகுதே!" என்றார் சுபேதார். முடிச்சு வழக்கத்தைவிட இறுக்கமாக விழுந்தது. அன்று இக்ராமுத்தீனைக் கொண்டுவரவில்லை. மழிக்க வந்த தலைகளும் குறைவு. மற்றவர்கள் எங்கே என்று யாரைக் கேட்பது? அந்தக் கேள்விதான் அவரைப் பேஷாவர் பஸ்ஸில் ஏற்றியது.

பேஷாவர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினார். நீதிபதி இரண்டு தரம் சத்தமாகப் பேசச் சொன்னார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, "கண்ணைக் கட்டியிருந்தது என்கிறீர்கள். பிறகு எப்படி ஆள் தெரிந்தது?" என்று மடக்கினார்.

"அவன் கண்ணத்தான் கட்டியிருந்தாங்க ஐயா. என் கண்ண அவுத்து விட்டுட்டாங்களே, சவரம் பண்ண."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த தவணைக்குள் பதில் வேண்டும் என்றார் நீதிபதி.

பதில் வந்தது. இத்தனை நாள் இல்லாத ஆள் இருந்தான். முறைப்படி காவலில் இருக்கிறான் என்று உத்தரவைக் காட்டினார்கள். அதில் போட்டிருந்த தேதி பக்த் ரவான் சாட்சி சொன்னதற்கு மறுநாள். அதற்கு முந்தைய மாதங்களுக்கு ஒரு கணக்கும் இல்லை. ஆனாலும் பல்வஷாவுக்குச் சந்திப்பு கிடைத்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கணவனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னம்மா சொன்னான்?" என்றார் பக்த் ரவான்.

"எதுவும் சொல்ல விடல மாமா. ஆனா உங்க பேரச் சொன்னதும் பயந்துட்டாரு. வேணாம் வேணாம்னு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு."

சாட்சி சொன்னதிலிருந்து வராமலிருந்த வண்டி அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ரஹ்மத் பீபி வாசல்வரை ஓடிவந்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். ஏறாமல் இருக்க வழியில்லை. கண் கட்டியிருந்தாலும் பழகிய திருப்பம் வராதது தெரிந்தது. ஆற்றின் இரைச்சல் காதைவிட்டுப் போயிற்று. வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் இறக்கி, நடக்கவைத்து, ஓரிடத்தில் நிறுத்தினார்கள். பைன் மர வாசனை. பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். பக்த் ரவான், சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். அவர் அதைச் சொல்லி முடித்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை.

சுபேதார் வந்து கண்கட்டை அவிழ்த்தார்.

"பையை வச்சுட்டுப் போ. பொண்டாட்டி, மகளுங்களக் கூட்டிக்கிட்டுக் கராச்சிப் பக்கம் போயிடு."

"வழக்கு இன்னும் முடியலியே சாஹிப்."

"உன் கையால நானும் சவரம் பண்ணிக்கிட்டவன், அதனால சொல்றேன். அடுத்து வர்றவனுக்கு உன்னைத் தெரியாது."

விடிவதற்குள் நடந்தே வீடு சேர்ந்தார். மகள்கள் இருவரையும் மர்தானிலிருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பினார். ரஹ்மத் பீபி போக மறுத்துவிட்டாள். உத்தரவுத் தேதிக்கு முன்பே இக்ராமுத்தீன் உள்ளே இருந்ததற்கு அவர் ஒருவர்தான் சாட்சி. அவரும் ஊரை விட்டால் அந்த மாதங்கள் நடக்காததாகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வழக்கைப் பார்க்க வேண்டிய குழு இன்னும் கூடவில்லை. தவணை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் அவர் பேஷாவர் போய்வருகிறார்.

கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறார், புதிதாக வாங்கிய கத்தியோடு. வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். நாற்காலியைக் கண்ணாடிப் பக்கமிருந்து தெருப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். தன்னை ஏற்றிக்கொண்டு போக வண்டி வந்தால் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும் என்று.