கொடி கட்டாத நாள்

இது நடந்தது. கட்டபெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், போன நவம்பரில், எனக்கு நடந்தது. எஸ்டேட் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் நூற்றுச் சொச்சம் பேர் இலை பறித்துத்தான் சாப்பிடுகிறார்கள். என் பெயர் சிவகுரு. அதை மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. பதினாறு வருடம் அங்கே ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தேன். பேய், பிசாசு என்று யாராவது பேசினால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். நம்பாதவனுக்கு இப்படி நடந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கு நடுவே களைக்கொல்லி அடித்தால் அந்த இடத்தின் நாலு மூலையிலும் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடுகளில் மாடு வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்தால் அங்கே புல் அறுக்க மாட்டார்கள். கொடி கட்டுவது சூப்பர்வைசர் வேலை. ஜூலையில் ஒரு நாள் ஆட்களை மருந்தடிக்க விட்டுவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் நான் ஊட்டிக்குக் கிளம்பிவிட்டேன். என் ஒரே மகள் ரேகாவுக்குக் கல்லூரியில் அட்மிஷன். தாயில்லாப் பிள்ளை, நான்தான் போயாக வேண்டும். கொடித் துணி என் பைக் பெட்டியிலேயே கிடந்தது.

மறுநாள் லைனில் இருந்த தேவியின் பசு நுரை தள்ளிச் செத்தது. அடுத்த நாள் இன்னொரு பசு. நாலாம் நாள் ஒரு கன்று. மூன்றும் எதைத் தின்றன என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், ரேகாவின் படிப்பும் போகும். நான் வாயைத் திறக்கவில்லை.

லைனில் கடைசி வீட்டில் ராஜகுமாரி என்று ஒரு அம்மா இருந்தார். அறுபது வயது, தனிக்கட்டை, சின்ன வயதில் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். பசு சாவதற்கு முந்தின சாயங்காலம் தேவியிடம் ஒரு டம்ளர் பால் கேட்டிருக்கிறார். தேவி இல்லை என்றிருக்கிறாள். அந்த அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போயிருக்கிறார். அவ்வளவுதான், லைனுக்கு அது போதுமாக இருந்தது.

“அந்தச் சிலோன்காரி வெச்ச வேலதானுங்க இது. நீங்க என்ன நெனைக்கறீங்க?” என்று தேவி என்னிடமே வந்து கேட்டாள்.

“இருக்கும்,” என்றேன்.

சமவெளியிலிருந்து குறி சொல்கிற ஒருவனைக் கூட்டி வந்தார்கள். அவன் அடிக்கச் சொல்லவில்லை, சூடு போடச் சொல்லவில்லை. “மூணு ராத்திரி தூங்க விடாதீங்க. நடக்க வெச்சுட்டே இருங்க. தானா ஒத்துக்கும். கூடச் சேந்து செஞ்சது யாருன்னும் கேளுங்க,” என்றான். இலை எடை போடுகிற ஷெட்டில், ஆண்கள் முறை போட்டுக்கொண்டு அந்த அம்மாவைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தோம். கண் சொருகினால் முகத்தில் தண்ணீர் அடிப்போம். மூன்றாம் இரவு கடைசி முறை என்னுடையது. என்னோடு இருந்தவன் சாக்குமேல் சாய்ந்து தூங்கிவிட்டான். எஸ்டேட் ஜீப் டிரைவர் டெனின் மட்டும் வாசல் வரை வந்து, “பாவங்ணா, விட்டுருங்க,” என்று கெஞ்சிவிட்டுப் போனான்.

“கொஞ்சம் நித்திர கொள்ள விடுங்க தம்பி,” என்றார் ராஜகுமாரி அம்மா.

“கூட யாரு? பேரச் சொல்லு, விட்டர்றேன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “யார் பேர நான் சொல்ல? கொடி கட்டாதது நீங்கதானே தம்பி. நான் கண்டேனே.”

சாக்குமேல் இருந்தவன் விழித்துவிட்டானா என்று திரும்பிப் பார்த்தேன். தண்ணீரை மொண்டு அவர் முகத்தில் அடித்தேன். இன்னும் வேகமாக நடக்கச் சொன்னேன். மூன்று சுற்று நடந்தார். நாலாவது சுற்றில் உட்கார்ந்தார், அப்படியே சரிந்தார். மணி 4.10. மாரடைப்பு என்று சொல்லி அன்றைக்கே புதைத்துவிட்டோம்.

அதன் பிறகு நாலு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். வெட்கமில்லாமல் தூங்கினேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ரேகா விடுதியிலிருந்து வந்தாள். பி.ஏ. வரலாறு, முதல் வருடம். திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். சாயங்காலம் ஆறரை மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நோட்டை மூடிவிட்டு, “இதக் கேளுங்கப்பா,” என்றாள்.

“இங்கிலாந்துல, ஆயிரத்து அறுநூத்தி நாப்பதுகள்ல. உள்நாட்டுச் சண்டை, கோர்ட்டெல்லாம் ஒழுங்கா நடக்கல, விளைச்சலும் இல்ல. ஒரு ஏழைக் கிழவி பால் கேட்டு வருவா. இல்லைன்னுருவாங்க. திட்டிட்டே போவா. அடுத்த வாரம் மாடு சாகும். உடனே அவ சூனியக்காரி. அதக் கண்டுபிடிக்கறதுக்குன்னே ஆளுக ஊரு ஊரா வருவாங்களாம். தூங்க விடாம, நடக்க வெச்சே ஒத்துக்க வைப்பாங்களாம். அப்பறம் கூட யாருன்னு கேப்பாங்க. அவ தாங்க முடியாம நாலு பேரச் சொல்லுவா, அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரச் சொல்லுவாங்க. அப்படியே ஊரெல்லாம் பரவிருச்சாம்.”

நான் காபியை உறிஞ்சாமல் கையில் பிடித்திருந்தேன்.

“அந்த மாடு எதத் தின்னுச்சுன்னு ஒருத்தர்கூடவா கேக்கலப்பா?” என்றாள்.

அன்றிரவு 11.20. கண் அயர்ந்த நேரம்... சளார் என்று முகத்தில் தண்ணீர். எழுந்து விளக்கைப் போட்டேன். வெளியே மழை இல்லை. கூரை காய்ந்திருந்தது. தலையணை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துடைத்துவிட்டுப் படுத்தேன். 11.50, மறுபடி. 12.15, மறுபடி. கண் விழித்திருந்தால் ஒன்றுமில்லை. மூடினால் தண்ணீர். விடியும் வரை உட்கார்ந்தே இருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் 3.30. இலை பறிக்கும் பெண்களுக்கு இருபது அடி தள்ளி, சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்தேன். இரண்டு விநாடி கண்ணை மூடியிருப்பேன். சளார். சட்டையெல்லாம் ஈரம். ஒரு பெண்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனி இரவு. வீட்டுக்குள் சத்தம். சரக்... சரக்... சரக்... வெறுங்கால் சிமெண்ட் தரையில் தேய்கிற சத்தம். என் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். தரையில் ஈரக் கால்தடம், வட்டமாக. இரண்டு ஜோடி. ஒன்று சின்னது. இன்னொன்று என்னுடையது. அப்போதுதான் தெரிந்தது, நான் கட்டிலில் இல்லை. நடந்துகொண்டிருந்தேன்.

கதவருகில் ரேகா நின்றாள். மணி 2.40.

“பத்து மணில இருந்து நடக்கறீங்கப்பா. உங்ககூட இருந்தது யாரு?”

“யாருமில்ல. போய்ப் படு.”

அவள் போய்ப் படுத்தாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒரு நிம்மதியில்தான் விடியும் வரை நடந்தேன்.

ஞாயிறு இரவு கதவைப் பூட்டி, சாவியை ரேகாவிடம் கொடுத்தேன். எது வந்தாலும் திறக்காதே என்றேன்.

3.30 மணிக்கு நான் ஷெட்டில் இருந்தேன்.

எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே பனி புகுந்திருந்தது. தராசுச் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது... கிணிங்... கிணிங்... நான் நடந்துகொண்டிருந்தேன். நிற்க முடியவில்லை.

எனக்குப் பின்னால், அரை அடி தள்ளி... சரக்... சரக்...

“நிக்கக் கூடாது தம்பி.”

காதுக்குப் பக்கத்தில். குளிர்ந்த மூச்சு.

“அம்மா... விட்டுருங்கம்மா...”

“இன்னும் வேகமா.”

உள்ளங்கால் கிழிந்தது. ரத்தம் வழுக்கியது.

“கொடி கட்டாதது நான்தான்!” என்று கத்தினேன். “மாட்டைக் கொன்னது நான்தான்! உங்களையும் நான்தான்...”

காலடி நின்றது.

என் காலும் நின்றது. முடிந்தது என்று நினைத்தேன்.

“கூட யாரு?”

யாருமில்லை. உண்மையில் யாருமில்லை. ஆனால் அன்று நான் யாருக்காக ஊட்டிக்குப் போனேன்? ரேகாவின் முகம் வந்தது. அவள் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். வேறு பெயர்... ஏதாவது ஒரு பெயர்...

“டெனின்.”

சரக்... சரக்... காலடி என்னைத் தாண்டிப் போனது. ஷெட்டுக்கு வெளியே. ஜீப் ரோட்டில் மேலே... டெனின் வீட்டுப் பக்கம். கடிகாரத்தைப் பார்த்தேன். 4.10.

சாக்குமேல் விழுந்து தூங்கினேன். ஏழு மணிக்கு ரேகா வந்து எழுப்பினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது, கதவும் பூட்டியபடியேதான் இருந்ததாம்.

அன்று காலை டெனின்தான் அவளைக் கட்டபெட்டு பஸ்ஸுக்கு ஜீப்பில் கொண்டுபோய் விட்டான். மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்தேன், விடியும் வரை தூங்கினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை இரவு 2.50. கதவு தட்டும் சத்தம். டெனின் நின்றான். கன்னம் ஒட்டி, காலில் துணி சுற்றியிருந்தான்.

“அண்ணா... மன்னிச்சுருங்ணா. உங்க மூஞ்சில முழிக்க முடியாம ரெண்டு நாளாச் சொல்லல.”

“என்னடா?”

“திங்கக்கெழமையிருந்து மூணு ராத்திரி... அந்த அம்மா... நடக்க வெச்சே கொன்னுருச்சுங்ணா. கூட யாரு, கூட யாருன்னு. என் பேர எவன் சொன்னான்னே தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். விடல.” அழுதான். “அன்னிக்கு ஜீப்புல பாப்பா அந்த இங்கிலீஷ்காரன் கதையச் சொல்லிட்டே வந்துச்சு. அதே நெனப்பா இருந்தனா... வாயில வந்துருச்சுங்ணா.”

“யார் பேரு?”

“ரேகா.”

வியாழன் அதிகாலை சொல்லியிருக்கிறான். வியாழன், வெள்ளி, சனி. விரல் விட்டு எண்ணினேன். இது மூன்றாம் இரவு.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அவள் குரலுக்குப் பின்னால்...

சரக்... சரக்...

“ஒரு பேரச் சொல்லு கண்ணு! யார் பேராச்சும்! விட்டுரும்! என் பேரச் சொல்லு!”

“உங்க பேரு அவங்களுக்குத் தெரியும்ப்பா.” மூச்சு வாங்கினாள். “கொடி கட்டாம வந்தது... என் அட்மிஷன் அன்னிக்கா?”

போனைக் காதோடு அழுத்தினேன்.

“எல்லாம் சொன்னாங்க. டெனின் அண்ணன் பேர யாரு சொன்னதுன்னும் சொன்னாங்க.”

“ரேகா...”

“நான் யாரையும் சொல்லப் போறதில்லப்பா.”

போன் அணைந்தது. பக்கத்தில் டெனின் நின்றான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான், போய் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான். வழியெல்லாம் பனி, ஐந்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. மறுபடி மறுபடி போன் போட்டேன். விடுதி வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி 4.25.

பதினைந்து நிமிடம் தாமதம்.

ரேகாவை அடக்கம் செய்த பிறகு மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். லைனிலும் சொன்னேன். தேவி என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று நான் அந்த எஸ்டேட்டில் இல்லை.

பதினாறாம் நாள், ரேகாவின் அறையில் தங்கியிருந்த எல்சா என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். போலீஸிடம் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். அன்று நாலு மணிக்கு அவள் கதவுக்குப் பின்னால் விழித்துத்தான் இருந்திருக்கிறாள். வராந்தாவில் இரண்டு பேர் நடக்கிற சத்தம். அப்புறம் ரேகாவின் குரல்.

“நான் பேர் சொல்லலேன்னா இது என்னோட நின்னுருமா?”

அதற்கு ஒரு வயதான குரல் சொன்னதாம்:

“நிக்கும் பிள்ள.”

“அப்பாவ?”

“அவர நான் தொட மாட்டேன். நல்லா நித்திர கொள்ளட்டும்.”

அதன் பிறகுதான் ரேகா உட்கார்ந்தாளாம்.

சொன்ன வாக்கை அந்த அம்மா காப்பாற்றுகிறார். தூக்கம் வராதபடி கடுங்காப்பி குடித்துப் பார்த்துவிட்டேன். ரேகா கனவிலாவது வருவாளா என்று வேண்டிப் பார்த்துவிட்டேன். ஒரு காலடிச் சத்தம் இல்லை, ஒரு கனவு இல்லை. தினமும் ஒன்பது மணிக்குப் படுக்கிறேன். படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.