முகத்தில் தடவிய தீபாவளி எண்ணெய்

மலாயா சுதந்திரம் அடைந்த வருஷத் தீபாவளி. மலாக்கா காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இருபது வயது. மூக்கின் இரு பக்கமும் புருவமும் சிவந்து, செதில் செதிலாக உரிந்துகொண்டே இருக்கும். இரண்டு வருஷமாக மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய் என்று அம்மா தடவாதது இல்லை. தடவத் தடவ அதிகமானதே தவிரக் குறையவில்லை. எதிர்வீட்டு அக்கா என் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும் வந்த வேகத்தில் திரும்பிவிட்டது.

கடைசியில் அப்பாவும் அம்மாவும் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் ஒரு தமிழர். முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒட்டிக்கிற நோயில்லைம்மா. தலையில வர்ற பொடுகு மாதிரிதான், மூஞ்சிக்கு எறங்கியிருக்கு. எண்ணெதான் அதுக்குச் சோறு. ஒரு சொட்டு படக்கூடாது” என்றார். கந்தகக் களிம்பு ஒரு டப்பா கொடுத்தார். திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். விடாமல் தடவினேன். ஆறு வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. கண்ணாடியை விட்டு நகர மனமே வரவில்லை.

அந்தச் சமயம்தான் சிரம்பானிலிருந்து ஒரு வரன் வந்தது. குமாஸ்தா வேலை. படத்தைக் காட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

தீபாவளியன்று விடியலில் அம்மா என்னை மணையில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைத்தார். அந்தக் கை அப்படியே நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கியது.

“மூஞ்சியில வேணாம்மா. டிரெசர் சொன்னாருல்ல?”

“நல்ல நாளும் அதுவுமா எண்ணெ வேணாங்குறியே, இது என்ன துக்க வீடா? அவருக்கு ஊசி போடத் தெரியும், தீபாவளி தெரியுமா?”

அத்தோடும் விடவில்லை. பளபளப்பு வரட்டும் என்று தினமும் தடவினார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வீடு நாறக்கூடாதென்று களிம்பு டப்பாவையும் ஒளித்துவைத்தார். நானும் தினமும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் வந்த அன்று முகம் பழையபடி ஆகியிருந்தது. அம்மா அப்பிய பவுடர் செதிலை இன்னும் எடுத்துக் காட்டியது. மாப்பிள்ளையின் தாயார் நான் நீட்டிய காபியை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தார். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. “கடுதாசி போடுறோம்” என்று எழுந்துகொண்டார்கள். கடிதம் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா களிம்பு டப்பாவைச் சாக்கடையில் வீசினார். “இந்தக் கருமத்தாலதான் எல்லாம் கெட்டுச்சு” என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார். அடுத்த வாரம் நான் தனியாகப் போய் வேறு டப்பா வாங்கி வந்தேன். முகம் ஆறியது. கை நழுவிய வரன் நழுவியதுதான்.

அம்மா ஆசையோடுதான் தடவினார், அதனாலேயே அவரை வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போது எனக்கு ஆத்திரம் வருவது, அன்று அவர் கையைப் பிடித்துத் தடுக்காத என் கைமேல்தான்.