பிறந்த வருஷம் போடுங்க

செல்போன் கடைக்காரர்களின் தலையெழுத்து, போனை விற்றதோடு வேலை முடியாது. வாங்கியவருக்குச் சமூக வலைதளக் கணக்கும் நாமேதான் ஆரம்பித்துக் கொடுக்க வேண்டும். புதுச்சத்திரத்தில் ஆறு வருஷமாக நான் படும் பாடு, கடை வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

மீசை வைத்த பிள்ளை

அறுபதை நெருங்கும் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், கணக்கு முடங்கிவிட்டது என்று வந்தார். பண்ணை பெயரில் கணக்கு என்பதால், பிறந்த தேதிக்குப் பண்ணை தொடங்கிய தேதியைப் போட்டிருக்கிறார். உங்களுக்கு ஒன்பது வயதுதான் என்று சொல்லிப் போன் கதவைச் சாத்திவிட்டது. ஆதார் அட்டை கேட்கிறது என்றேன்.

"அட்டை எதுக்குங்க அம்மிணி? மீசை நல்லாத் தெரியறாப்புல ஒரு போட்டோ புடிச்சு அனுப்பியுடுங்க."

அம்மாவின் வருஷம்

பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், ஆறாவது படிக்கும் மகளோடு வந்தார். டான்ஸ் ஆடி வீடியோ போட மகளுக்குக் கணக்கு வேண்டுமாம். பதின்மூன்று ஆகாமல் முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்தக் கண்டிப்பு மூன்று நிமிஷம் தாங்கியது. பெண் அழ ஆரம்பித்தாள், கடையில் கூட்டம் வேறு. அம்மா தன் பிறந்த வருஷத்தைச் சொன்னார், நானும் அழுத்தினேன். கணக்கு மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது.

"என்ற வருஷமே இருக்கட்டுமுங்க, அவளைப் பெத்தவ நாந்தானுங்களே!"

பள்ளி வாசலில்

பத்தே நாளில் அதே அம்மா முகம் வெளுத்து ஓடி வந்தார். முன்பின் தெரியாத கணக்கு ஒன்றைப் போனில் காட்டினார்: முகத்துக்குப் பதில் லாரி படம், பிறந்த வருஷம் 1982. யாரோ ஒரு ஆள் மகளுக்கு எழுதியிருந்தான்: 'நாளைக்கு ஸ்கூல் கேட்ல நிப்பேன். மறக்காம வா.' மகளின் கணக்கைத் திறந்துவிட்டவள் நான்தானே! அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

மறுநாள் காலை கடையைத் திறக்காமல், நானும் அந்த அம்மாவும் மகளை நடுவில் விட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நின்றோம். போகிற வருகிற ஆண்களையெல்லாம் முறைத்தோம். பாவம், வேன் டிரைவர் ஒருவர் பயந்தே போனார். ஆள் வரவில்லை. மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்தான் ரெட்டைச் சடை ஆட ஓடி வந்தாள். அப்பாவின் போனில், அப்பாவின் வருஷத்தைப் போட்டு, முந்தின நாள்தான் கணக்கு ஆரம்பித்தாளாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

"ஏனுங்க்கா அழுவறீங்க? நாந்தானுங்க அந்த லாரி!"

அந்த அம்மாவின் போனில் இருந்த மகளின் கணக்கை அங்கேயே அழித்தேன். வயது வரம்பு என் கையால் அமலுக்கு வந்தது அந்த ஒரே தடவைதான், அதுவும் அவள் ஆடி முடித்துப் பத்து வீடியோ போட்ட பிறகு.