சுதாராணி இல்லாத ஞாயிற்றுக்கிழமை

சேலத்துலயிருந்து மலையேறி நாகலூருல எறங்கி "சுதாராணி கம்பெனி எங்கங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு தகரக் கொட்டாயைக் காட்டுவாங்க. உடனே உதட்டைப் பிதுக்காதீங்க. எஸ்டேட்டுல பழம் பறிச்ச அப்பன் ஆத்தாளுக்குப் பொறந்தவ, அஞ்சல் வழியில பி.காம். முடிச்சவ. சுத்துப்பட்டுச் சின்னத் தோட்டத்துக் காபிப் பழத்தையெல்லாம் வாங்கி, தோலெடுத்து, கழுவிக் காயவச்சு பெங்களூருக்கு அனுப்புறா. பத்துப் பொம்பளைங்க அவகிட்ட வேலை செய்யுறாங்க. கம்பெனின்னு சொல்ல வேற என்னங்க வேணும்?

அவளுக்கு எம்.பி.ஏ. படிக்கணும்னு ஆசை. பெங்களூர்ல வியாபாரம் பேச உக்காந்தா, எதிர்ல இருக்கிறவங்க பேசுறதுல பாதி புரியாம தலையாட்டிட்டு வர்றது அவளுக்கு நொம்ப வெக்கமா இருந்துச்சு. சேலத்துல ஒரு காலேஜ்ல சனி ஞாயிறு வகுப்பு. சீட்டும் கெடச்சிருச்சு. ஆனா ஆரம்பிக்கிறது ஜனவரியில, பழம் வந்து குமியற நேரத்துல. "ரெண்டு நாள் வந்து உக்காந்து பாருங்க, சேர்றீங்களா இல்லையான்னு திங்கக்கிழமை சொல்லுங்க"ன்னுட்டாங்க.

சிக்கல் எல்லாம் தொட்டியில. தோலெடுத்த கொட்டை வழவழன்னு இருக்கும். தொட்டியில போட்டு வச்சா அந்த வழவழப்பு தானா விட்டுப் போகும். அள்ளிப் பிசைஞ்சா சரளை மாதிரி நறநறங்கணும். அந்த நேரம் பாத்துத் தொட்டி மடையைத் தொறந்து கொட்டையைக் கழுவிரணும். தாண்டுச்சுன்னா புளிச்சு நாறிரும். கம்பெனி ஆரம்பிச்சதுலயிருந்து பதம் பாக்கிற கை சுதாராணி கைதான். மொத வருசமே காபிக்கு நல்ல பேரு வந்துச்சா, "அக்காவுக்குக் கைராசி"ன்னு பொம்பளைங்க முடிவு கட்டிட்டாங்க. அவ கை படாம தொட்டியை யாரும் தொட மாட்டாங்க. அவளுக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு.

சனிக்கிழமை மொத பஸ்ல போனா. வகுப்பைப் பாத்து அசந்தே போயிட்டா! இத்தனை வருசம் இருட்டுல தடவித் தடவி அவ கத்துக்கிட்டதுக்கெல்லாம் ஒரு பேரு இருக்குது, ஒரு வழி இருக்குது. வாத்தியாரம்மா போர்டுல எழுத எழுத அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு. "நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டா உங்க கம்பெனி என்னங்க ஆகும்?"னு அந்தம்மா கேட்டாங்க. "நானில்லாம ஒண்ணும் நடக்காதுங்க"ன்னு சுதாராணி நிமிர்ந்து உக்காந்து சொன்னா.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கினதுமே புளிச்ச வாடை மூக்குல ஏறுச்சு. போய்ப் பாத்தா, பொம்பளைங்க எழவு ஊட்டுல நிக்கிற மாதிரி தொட்டியைச் சுத்தி நிக்கிறாங்க.

"ஏனுங்க்கா, போனையே எடுக்கலீங்களே!" மேஸ்திரி கலா அழுதா. "மத்தியானமே பதம் வந்துருச்சுங்க. வாடையிலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் தொறக்கலை?"

"உங்க கை படாம எப்படிங்க?"

ஒரு தொட்டி காபி, மொத்தமும் குப்பை. ஆத்திரம் பத்திக்கிட்டு வந்துச்சு. திட்டத்தான் வாயைத் தொறந்தா. ஆனா கைராசி கைராசின்னு அவங்க சொன்னப்பெல்லாம் பல்லைக் காட்டிட்டு நின்னது யாரு? அவதானே! வாளியை எடுத்து, கெட்டதை அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சா.

புருசன் பாலகுமாருக்கு மஞ்சக்குட்டை ரூட்டுல ஜீப்பு ஓட்டுற வேலை. வந்தவன் மூக்கைப் பொத்திக்கிட்டு, "பேசாம படிப்பை விட்டுரு புள்ள. நாளைக்கு இன்னொரு தொட்டி இருக்குது. அதுவும் போச்சுன்னா பெங்களூர்க்காரன் நம்ம பக்கமே திரும்ப மாட்டான்"னான்.

அவன் சொன்னதுல தப்பே இல்லை. ஆனா அந்த வாத்தியாரம்மா கேட்டது அவளை விடலை. நாளைக்கே காய்ச்சல் வந்தா என்ன பண்றது?

ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பி நின்னு சொன்னா: "கலா, இன்னைக்குத் தொட்டியை நீங்களே தொறங்க. நான் போன் பண்ண மாட்டேன். நீங்களும் பண்ணக் கூடாது."

கலா மூஞ்சி வெளுத்துப்போச்சு. "கெட்டுப்போச்சுன்னா என்னங்க பண்றது?"

"கெட்டா கெடட்டும்."

சொல்லிட்டாளே தவிர, பஸ்ஸு மலை எறங்குறதுக்குள்ள ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் போனை எடுத்து எடுத்து உள்ள வச்சா. அன்னைக்கு வகுப்புல ஒரு எழுத்து மண்டையில ஏறலை.

திரும்பி வந்தப்ப வாடை இல்லை. கொட்டாய்ல யாருமே இல்லை! அவளுக்காக ஒருத்தரும் காத்துக்கிட்டு நிக்காம ஊட்டுக்குப் போயிட்டாங்க. களத்துல தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு. தூக்கி ஒரு கை அள்ளிப் பிசைஞ்சா. நறநறன்னு இருந்துச்சு. அவ கை படாமயே கழுவிக் களத்துக்கு வந்த காபி. நெஞ்சுல சுருக்குன்னுச்சு, பொய் சொல்லக் கூடாது. அதுக்கப்புறம் பிரமிச்சுப் போயி இன்னொரு கை அள்ளிப் பிசைஞ்சு பாத்தா.

நேரா கலா ஊட்டுக்குப் போனா. "யாரு மொதல்ல கை வச்சது?"

"யாரும் முன்னால வரலீங்க. கெட்டுப்போச்சுன்னா ராசியில்லாதவன்னு பேரு வந்துருமேன்னு பயம். அப்பறம் சுத்தி நின்னு, பத்துப் பேரும் ஒண்ணா கையை உட்டோமுங்க. ஆச்சுன்னு நான் சொல்றேன், ஆகலைன்னு சென்னம்மா சொல்றா. ஒரே சண்டை! மறுபடி உட்டோம். பத்துப் பேரும் ஒரே வாயா ஆச்சுன்னு சொன்னப்பறந்தான் தொறந்தோம்."

பத்துக் கை, ஒரே தொட்டியில! நெனைக்க நெனைக்க சுதாராணிக்குக் கண்ணு கலங்குச்சு. "நாளைக்குக் காலேஜ்ல என்ன சொல்லட்டும் கலா?"

கலா சேலைத் தலைப்பைத் திருகிக்கிட்டே சொன்னா:

"கோவிச்சுக்காதீங்க்கா. நீங்க பக்கத்துல நின்னா எங்களுக்குக் கை வர மாட்டேங்குதுங்க. போய்ப் படிச்சுட்டு வாங்க."