இரண்டு தட்டு

அந்த கேரவனின் கழிவுக் குழாய் வாய் வண்டிக்கு அடியில், சேஸிஸ் இரும்பை ஒட்டி, இரண்டு விரல் நுழையாத இடைவெளியில் இருந்தது. மல்லாக்கப் படுத்து மேலே பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதைச் சுற்றி நான்கு முளை. ஹோஸின் தலையில் இருக்கும் கொக்கிகளை அந்த முளைகளில் மாட்டிக் கால் சுற்றுத் திருப்பினால்தான் பிடிக்கும். இங்கே திரும்பாது. இரும்பை ஒட்டிய முளைக்கும் இரும்புக்கும் நடுவில் கொக்கி சிக்கி இடிக்கும். எந்த ஊரில் எவன் செய்த வண்டியோ, இதை மாட்டுகிறவனுக்கும் கை என்று ஒன்று உண்டு என்பதை நினைக்காமல் செய்துவிட்டான். எத்தனையோ வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அந்த வட்டம் மறக்கவில்லை.

ஷார்ஜாவில் ஒரு யார்டில் எனக்கு பிளம்பர் வேலை. வெளிநாட்டுப் பழைய கேரவன்களை இறக்கி, சரிசெய்து, குளிர்காலத்தில் பாலைவனத்தில் போய்த் தங்கும் அரபுக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். சமையல், படுக்கை, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. கக்கூஸ் தண்ணீர் அடியில் ஒரு தொட்டியில் சேரும். மூன்று நாளைக்கு ஒருமுறை போய் அதை எடுத்துவர வேண்டும். நானும் டிரைவர் பாயும் போவோம். பாய் கடற்கரை ஊர்க்காரர். என் வயதுதான். என்னை மாப்ள என்பார். நான் அவரைப் பாய் என்பேன். இதே யார்டில் ஆறு வருஷம் வண்டி கழுவிக்கொண்டு இருந்தவர். அந்தக் காலத்தில்தான் லைசென்ஸுக்கு ஏழு தடவை டெஸ்ட் கொடுத்தார். ஆறு தடவை ஃபெயில். ஃபெயிலான நாளெல்லாம் ரூமுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஏழாவது தடவை பாஸ் ஆனதும் ரூம் முழுக்கப் பிரியாணி. கார்டை பர்ஸில் வைக்க மாட்டார், சட்டைப் பையில்தான் வைப்பார். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காம்ப்பில் ஜெனரேட்டர் ஓடும், பேச்சு கேட்காது. நான் அடியில் போய் ஹோஸை மாட்டுவேன். மறுமுனை நாங்கள் கொண்டுபோகும் தாழ்வான டேங்கில் இருக்கும். மாட்டி இறுக்கியதும் ஸ்பேனரால் வண்டியில் இரண்டு தட்டு தட்டுவேன். வண்டிப் பக்கவாட்டில், தொட்டியைத் திறக்கும் கைப்பிடியருகே நிற்கும் பாய் அதைக் கேட்ட பிறகுதான் இழுப்பார். தட்டினால் பொறுப்பு என்னுடையது. தட்டாமல் இழுத்தால் பொறுப்பு அவருடையது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. மேனேஜருக்கும் இது தெரியும்.

இடிக்கிற அந்த வாய்க்கு ஒரு வளைவுத் துண்டு போட்டால் போதும். ஸ்டோரில் இல்லை. வரவழைக்க வேண்டுமென்றால் சீட்டில் இங்கிலீஷில் எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. யாரையாவது எழுதித் தரச் சொல்லலாம். கேட்கக் கூச்சம். அதோடு, எந்த ஒழுகலையும் பார்ட் இல்லாமலே சரிசெய்கிறவன் என்று யார்டில் எனக்கொரு பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. ஆக்ஸா பிளேடை எடுத்துப்போய், இடிக்கிற பக்கத்து முளையை அறுத்துவிட்டேன். ஹோஸ் திரும்பியது. பிடி குறைந்த இடத்தில் சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றி கிளிப் போட்டேன். ஒரு வாளித் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒழுகாமல் நின்றது. நிறைந்த தொட்டிக்கு நிற்காது என்று அப்போதே என் கைக்குத் தெரியும்.

அது வெள்ளிக்கிழமை காலை. புஜைரா ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மணலில் காம்ப். வேலை முடித்து வழியிலேயே ஜும்மா தொழுதுவிடலாம் என்று பாய் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். வண்டியில் கேட்டார்.

"மாப்ள, அந்த இடிக்கிற வாய என்னா பண்ணுனே?"

"சரி பண்ணிட்டேன் பாய்."

"பார்ட்டு இல்லாமயா? ஜித்தன்யா நீ."

அங்கே போய் அடியில் நுழைந்து மாட்டினேன். தொட்டி நிறைந்திருந்தது. இனி எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை. வழக்கமாக அடியில் கிடந்தபடியேதான் தட்டுவேன். அன்று தட்டவில்லை. பாய் நிற்காத மறுபக்கமாக ஊர்ந்து வெளியே வந்தேன். எழுந்து நின்றேன். இரண்டடி தள்ளியும் நின்றேன். அங்கிருந்து கையை நீட்டித் தட்டினேன். இரண்டு தட்டு.

பாய் இழுத்தார்.

ஹோஸ் பிய்த்துக்கொண்டு போனது. மார்பிலிருந்து கால் வரை பாய் நனைந்தார். கைப்பிடியைத் திரும்பத் தள்ளி மூடுவதற்குள் பாதித் தொட்டி காலி. மணல் சரிவில் ஓடிப்போய், சாப்பாடு வைப்பதற்காக விரித்திருந்த கார்ப்பெட்டில் ஏறியது. குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து, "மாஃபி முக்! மாஃபி முக்!" என்று கத்தினார். மூளையே இல்லையா என்று அர்த்தம். பாயைப் பார்த்துத்தான் கத்தினார். என் சட்டையில் ஒரு சொட்டு இல்லை. பாய் ஜிப்பா நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு நாங்கள் இருவரும் மண்வெட்டியால் மணலை வாரினோம். ஜும்மா போய்விட்டது.

யார்டுக்கு வந்து இறங்கியதும் ரூம்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன பாய், புது அத்தரா?"

"தள்ளி நில்லுங்க பாய், ஏசி நின்னுரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அந்தக் குடும்பம் முதலாளிக்கே போன் செய்திருந்தது. ஃபிட்டிங் தப்பா, ஆள் தப்பா என்று இந்தியில் கேட்டார். பாய் சொன்னார்: "சிக்னல் வந்துச்சு சார். கேட்டுத்தான் இழுத்தேன்." மேனேஜர் என் பக்கம் திரும்பினார். தட்டவில்லை சார், அதற்குள் இழுத்துவிட்டார் என்றேன். கோர்வையாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பாய் என்னைத் திட்டியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தட்டலியா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு மேனேஜரிடம், "அவன் பொய் சொல்ற ஆள் இல்ல சார். ஜெனரேட்டர் சத்தத்துல எனக்குத்தான் அப்டிக் கேட்டுருக்கும்" என்றார்.

அன்றே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மறுபடி கழுவும் இடம். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நான் நேராக வண்டிக்கு அடியில் போய் ரப்பரையும் கிளிப்பையும் கழற்றி எறிந்தேன். அறுத்த முளையை யாரும் பார்க்கவில்லை. அங்கே என்னைத் தவிர யாரும் படுப்பதில்லை. அடுத்த வாரம் ஸ்டோர்காரரிடம் சொல்லிச் சீட்டு எழுதி வாங்கினேன். ஒரு நிமிஷ வேலை. வளைவுத் துண்டு நாலு நாளில் வந்துவிட்டது.

புது டிரைவரோடு நான் போனேன். பாய் நாங்கள் கொண்டுவரும் டேங்கைக் கழுவினார். ஒரே ரூம். ஒரே சட்டியில் சாப்பாடு. என்னிடம் ஒன்றும் மாறவில்லை அவர். மீன் குழம்பு வைத்தால் தலையை எனக்குத்தான் எடுத்து வைப்பார். அதைச் சாப்பிட்டேன். எட்டு மாதம் அப்படி. பிறகு விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு, குவைத்தில் மங்காஃபில் மச்சான் வைத்திருக்கும் மளிகைக் கடைக்குப் போய்விட்டார். நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. டியூட்டி என்றேன். அன்று எனக்கு டியூட்டி இல்லை.

இப்போது அதே யார்டில் நான் ஃபோர்மேன். வண்டிக்கு அடியில் வேறு ஆட்கள் போகிறார்கள். மாட்டினால் அடியிலேயே கிடந்து தட்ட வேண்டும், வெளியே வந்து தட்டக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்கிறார்கள். சொல்வதில்லை.

போன மாதம் பழைய ரூம்காரர் ஒருவர் பாயின் நம்பரைக் கொடுத்தார். நாலு நாள் யோசித்து, சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன். குரல் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்ள! உசுரோடதான் இருக்கியா? புள்ளைங்க என்ன பண்ணுது?"

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். வண்டி ஓட்டுகிறீர்களா பாய் என்றேன். கடைக்குள்ளேயே சரியாக இருக்கிறது, ஓட்டுவதை விட்டாயிற்று என்றார். பிறகு நான், "பாய், அந்த கேரவன் விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

"அத ஏன் கேக்குறே," என்று சிரித்தார். "நான் போய்க் காதை டாக்டர்ட்ட காட்டுனேன் தெரியுமா? மிஷின் மாட்டி, பீப் பீப்னு வெச்சுப் பாத்தாரு. காது சுத்தமா இருக்குன்னுட்டாரு. அப்ப எப்டிய்யா எனக்கு அப்டிக் கேட்டுச்சு? மனசுக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. சரி, நீயே சொல்லு. நீ தட்டலதானே மாப்ள?"

சந்தேகமாகக் கேட்கவில்லை. அவருடைய காதைப் பற்றித்தான் கேட்டார். தட்டினேன் என்ற ஒரு சொல்தான். வாய் வரை வந்தது.

"இல்ல பாய்," என்றேன்.

"ம்ம். வயசாவுதுல்ல," என்றார். கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

அவர் தமிழ் படிப்பார். கடையில் பழைய பத்திரிகைகூடக் கிடக்கும். இது அவர் கையில் கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தால் இந்த இடத்தை மட்டும் படித்தால் போதும். பாய், உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை.